இன்னும் ரெண்டு ஞாயிறு போகட்டும்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு ஐந்து வருடத்தில் இரண்டு முறை பேட்டரி மாற்றியிருக்கிறோம். ஓடித் தேய்ந்தவை இல்லை, இரண்டுமே நின்ற இடத்தில் உயிரை விட்டவை. இரண்டாவது பேட்டரியைப் பொருத்த வந்த பையன் மீட்டரைப் பார்த்துவிட்டு, "போன தடவையும் நான்தான் டீச்சர் வந்தேன். அதுக்கப்புறம் அறுபது கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்றான். குத்திக்காட்டும் குரல் இல்லை. வைத்தியர் நாடி பார்த்துச் சொல்வது மாதிரிதான் சொன்னான். அந்த அறுபதும் தீபாவளிக்கு வந்த வீட்டுக்காரர் ஓட்டியது என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

கார் 2016இல் வாங்கியது. 2017இல் எனக்கு லைசென்ஸ் வந்தது. 2019இல் வீட்டுக்காரருக்குக் கோவைக்கு மாற்றல் ஆனபோது, "உன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே, ஸ்கூலுக்கு வச்சுக்கோ" என்று சாவியை அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போனார். கும்பகோணத்திலிருந்து பாபநாசம் பக்கம் இருக்கும் என் பள்ளிக்கூடத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர். அதுவரை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன், அதற்குப் பிறகும் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தேன். 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அரசு அறிவித்ததும் எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. டிக்கெட்டே வாங்காமல் போகிற ஊருக்குப் பெட்ரோல் போட்டுப் போவானேன்? இந்த விஷயத்தில் எனக்கு நியாயங்களுக்குத் தட்டுப்பாடு வந்ததே இல்லை.

யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். "இன்னும் ரெண்டு ஞாயிறு பழகிட்டு எடுத்துடலாம்னு இருக்கேன்." ஐந்து வருடத்துக்கு 260 ஞாயிறு. தமிழ் டீச்சர்தான் என்றாலும் இந்தக் கணக்கு எனக்குப் போடத் தெரியும்.

நோட்டு

நான் சும்மா இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்தக் கட்டுரையே அதற்காகத்தான். சோம்பேறித்தனம் என்றால் ஒத்துக்கொண்டு விட்டுவிடலாம். நான் இந்த ஐந்து வருடமும் கார் ஓட்டுவதற்காக உழைத்துக்கொண்டிருந்தேன். டிரைவிங் ஸ்கூலில் 2017இல் ஒரு முறை சேர்ந்தேன், 2021இல் "டச் விட்டுப்போச்சு" என்று இன்னொரு முறை சேர்ந்தேன். மேட்டில் வண்டி எடுப்பது எப்படி, குறுகலான சந்தில் எதிரே வண்டி வந்தால் என்ன செய்வது என்று யூடியூபில் நான் பார்க்காத வீடியோ இல்லை. ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். கிளட்ச், கியர், கண்ணாடி, இண்டிகேட்டர் என்று தலைப்பு வாரியாக, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் ரோட்டைத்தான் பார்ப்பேன். எந்த வளைவில் லாரி நிறுத்தியிருப்பார்கள், எந்தக் கடைவாசலில் ஆடு படுத்திருக்கும், எத்தனை வேகத்தடை, அதில் எத்தனைக்கு வெள்ளைக்கோடு அழிந்துபோயிருக்கிறது, எல்லாம் அந்த நோட்டில் உண்டு. ரோடு போட்டவர்களுக்கே அந்த ரோட்டைப் பற்றி அவ்வளவு தெரிந்திருக்காது.

ஒவ்வொரு முறை நோட்டில் ஒரு பக்கம் எழுதி முடித்ததும் காரோட்டிவிட்டு வந்த மாதிரி ஒரு நிறைவு வரும். இந்த நிறைவுதான் விஷம் என்று இப்போது தோன்றுகிறது. பத்தாம் வகுப்பில் வருடத்துக்கு இரண்டு பிள்ளைகளாவது இப்படி வருவார்கள். தேர்வுக்கு முன்னால் படிக்கும் நேர அட்டவணை ஒன்று போட்டு, பாடத்துக்கு ஒரு நிறம் தீட்டி, மேசைக்கு மேலே ஒட்டிவைப்பார்கள். அட்டவணை அவ்வளவு அழகாக இருக்கும். போட்ட களைப்பில் அன்றைக்குப் படிக்க மாட்டார்கள். அடுத்த நாள் அட்டவணையில் ஒரு நாள் விட்டுப்போயிருக்கும், அதனால் புதிதாக ஒன்று போடுவார்கள். நான் அவர்களை எத்தனை முறை திட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

லைசென்ஸ் அட்டையில் ஒரு தேதி இருந்தது. நான் வாங்கிய காலத்துச் சட்டப்படி இருபது வருடம் அல்லது ஐம்பது வயது, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். நான் 1975 ஜூலையில் பிறந்தவள். 2025 ஜூலையோடு அட்டை காலாவதி. ஒரு நாள்கூட ஓட்டாமல் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போய் நிற்கும் காட்சி சில ராத்திரிகளில் கண்முன் வரும். அப்போதெல்லாம் எழுந்துபோய் நோட்டை எடுத்துப் படிப்பேன்.

அந்த ராத்திரி

2023 டிசம்பரில் ஒரு ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. மணி பதினொன்றரை. மாத்திரை கேட்கவில்லை, உடம்பு தூக்கிப்போட்டது. மகள் சென்னையில் விடுதியில் இருக்கிறாள். வீட்டில் நானும் அம்மாவும்தான். ஆஸ்பத்திரி இரண்டரை கிலோமீட்டர். அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட இல்லை. வண்டி வெளியே பார்த்தபடி நிற்கிறது, பெட்ரோல் இருக்கிறது, புது பேட்டரி இருக்கிறது.

சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் நான் சாவியை எடுத்திருக்க வேண்டும். நான் போனை எடுத்தேன். எங்களுக்குப் பழக்கமான ஆட்டோக்காரர் தூக்கத்திலிருந்து எழுந்து வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. அந்த இருபத்தைந்து நிமிஷமும் அம்மாவை ஒரு போர்வையில் சுற்றித் திண்ணையில் உட்கார வைத்துக்கொண்டு, காருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஊசி போட்டுக் காய்ச்சல் இறங்கி, விடிகாலையில் அதே ஆட்டோவில் திரும்பி வந்தபோது கார் பானட்டின் மேல் ஒரு பூனை சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அது வழக்கமாகத் தூங்குகிற இடம் என்று பார்த்தாலே தெரிந்தது.

இப்படி ஒரு ராத்திரி ஆளை மாற்றிவிடும் என்று சொல்வார்கள். என்னையும் மாற்றியது. அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது முறையாக டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

சிரிக்கலாம். மாஸ்டரும் சிரித்தார். "மேடம், உங்களுக்கு நான் என்ன சொல்லித்தரணும்னு நீங்களே ஒரு லிஸ்ட் குடுத்துடுங்க" என்றார். பத்து நாள் ஓட்டினேன். நன்றாகத்தான் ஓட்டினேன். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அவர் கால் அதன்மேல் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது, கேட்டுக்கொள்ளவும் இல்லை. இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவதில் ஒரு சுகம் இருந்தது. பத்தாம் நாள் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் காரின் இடப்பக்கத் தரையைக் குனிந்து பார்த்தேன். அங்கே மிதியடியைத் தவிர ஒன்றும் இல்லை.

நாற்றும் துணியும்

2024இல், வழக்கமாகப் பாசனத்துக்குத் தண்ணீர் விடுகிற ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. டெல்டாக்காரர்களுக்கு அந்தத் தேதி என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மன்னார்குடிப் பக்கம் எங்கள் நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு அம்மா அவனுக்கு தினமும் போனில் விவசாயம் சொல்லிக்கொடுப்பாள். தண்ணீர் எப்படியும் வந்துவிடும், நாற்றையாவது இப்போதே விட்டு வைத்துவிடலாமா என்று அவன் கேட்டிருக்கிறான் போல. பக்கத்து மோட்டார்க்காரரிடம் நாற்றங்காலுக்கு மட்டும் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம், தயாராக இருக்கும் என்பது அவன் யோசனை. அம்மா பதறிவிட்டாள்.

"தயாரா இருந்து என்னடா பண்ண? மாசத்துக்கு ஒரு வாரம். நாலு மாசப் பயிருன்னா நாலு வாரத்துல பிடுங்கி நட்டுடணும். தண்ணி வரலன்னு நாத்தங்கால்லயே விட்டு வச்சா முத்திப்போயிடும். பாக்கப் பச்சைப் பசேல்னு அழகாத்தான் நிக்கும். உள்ள கணு விட்டுடும். அதை அப்புறம் எந்த வயல்ல கொண்டு நட்டாலும் தூர் கட்டாது."

போனை வைத்துவிட்டு என்னிடம் காபி கேட்டாள். எனக்காகச் சொன்ன பேச்சே இல்லை அது. ஆனால் "அழகாத்தான் நிக்கும்" என்று சொன்னாளே, அந்த இடம் எனக்கு எங்கேயோ தைத்தது. நாற்றங்கால் என்பது நெருக்கிப் போட்ட சின்ன இடம். அதில் இருக்கும்வரை நாற்றுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. பிடுங்கும்போது வேர் அறும், நட்ட மூன்று நாள் வாடும், மஞ்சளாகும், பிறகுதான் பச்சை கட்டும். அந்த வாட்டத்தைத் தாங்கும் இளமை இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும் என்பதுதான் அந்த வாரக் கணக்கு. ஒவ்வொரு வயதுக்கும் கற்றுக்கொள்ளும் சக்தி என்று ஒன்று இருக்கிறது, எனக்கு நாற்பத்தொன்பது ஆகப்போகிறது என்றெல்லாம் அன்று ராத்திரி யோசித்தேன். அம்மா அதற்குள் தூங்கிவிட்டாள்.

வகுப்பில் நான் அடிக்கடி சொல்லும் குறள் "எண்ணித் துணிக கருமம்". எல்லோருக்கும் தெரிந்ததுதான், சுவரிலெல்லாம் எழுதிவைப்பார்கள். நன்றாக யோசித்துவிட்டு இறங்கு என்று அதை எச்சரிக்கையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு குறள் வினைசெயல்வகை அதிகாரத்தின் முதலாவதாக இருக்கிறது. "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல் அத்துணிவு தாழ்ச்சியுள் தங்குதல் தீது." சூழ்ச்சி என்றால் இங்கே சதி இல்லை, ஆராய்ச்சி. தாழ்ச்சி என்றால் தாமதம். ஆராய்ச்சி எங்கே முடிகிறது என்று வள்ளுவர் இடம் குறிக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்ட இடத்தில் என்று சொல்லவில்லை. சந்தேகம் தீர்ந்த இடத்தில் என்றும் சொல்லவில்லை. துணிவை எட்டிய இடத்தில் என்கிறார். இருபது வருடமாக இதை நடத்திக்கொண்டிருக்கிறேன். துணிவு என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் "பயமில்லாம இருக்கிறது டீச்சர்" என்பார்கள். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுவேன்.

அந்த ஜூன் மாதத்தில்தான் சந்தேகம் வந்து அகராதியை எடுத்துப் பார்த்தேன். துணிதல் என்ற சொல்லுக்கு அறுபடுதல், துண்டாதல் என்றும் பொருள் இருக்கிறது, தீர்மானித்தல் என்றும் பொருள் இருக்கிறது. உடுத்துகிற துணியும் இந்தக் குடும்பத்துச் சொல்தான், வெட்டியெடுத்த துண்டு. தாராசுரத்தில் என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் பட்டு நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றினால் மூன்று நான்கு சேலைக்கு ஓடும். ஒரு சேலை முடிந்ததும் அறுத்தெடுக்க வேண்டும். பாவு தானாக எந்த இடத்திலும் முடிந்து நிற்பதில்லை, அது பாட்டுக்கு நீண்டுகொண்டுதான் இருக்கும். நெசவாளர் பார்த்து, இதுவரைதான் இந்தச் சேலை என்று கத்தியை வைக்கிறார். நான் இத்தனை வருடமாகத் துணிவைப் பயம் போவது என்று நினைத்துக்கொண்டு, அது போகட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். அறுப்பது என்று நினைத்திருந்தால் கத்தி என் கையில்தானே இருந்தது?

இப்படிச் சொல்வதால் "யோசிக்காதே, குதி" என்று மேடையில் கத்துகிறவர்கள் கட்சியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அந்தப் பேச்சு எனக்கு ஒத்துவராது. எங்கள் தெருவில் ஒரு பையன் பழகாமலே மாமாவின் காரை எடுத்து, தெருமுனைக் கடையின் இரும்புக் கதவுக்குள் செருகினான். காலை ஐந்து மணி, யாரும் நிற்கவில்லை என்பது அவன் அதிர்ஷ்டம், எங்கள் அதிர்ஷ்டம். கார் என்பது நம் உயிரோடு மட்டும் நிற்கிற விஷயம் இல்லை. "தூங்குக தூங்கிச் செயற்பால" என்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. தூங்குதல் என்றால் தாமதித்தல் என்று சொன்னதும் கடைசி பெஞ்சில் ஒரு சிரிப்பு எழும், வருடம் தவறாது. மெதுவாகச் செய்ய வேண்டியதை மெதுவாகத்தான் செய்ய வேண்டும். என் கேள்வி வேறு. என்னுடைய முதல் முப்பது மணி நேரப் பழக்கம் தெருவில் நடப்பவர்களுக்குப் பாதுகாப்பு. அதற்குப் பிறகு எழுதிய நோட்டு யாருக்குப் பாதுகாப்பு? எனக்கு மட்டும்தான். அதுவும் காரிடமிருந்து.

இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த விஷயத்தை யோசிக்கும்போது பழந்தமிழ்ச் சுவடிகளைத் தேடி அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். 1880 அக்டோபரில், கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன இருபத்தைந்து வயது ஆசிரியராக, அப்போது இங்கே முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் போய்ப் பார்க்கிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அடுக்க, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று அவர் நிறுத்தியதும், பிறகு நடந்ததும் நமக்குத் தெரிந்த கதை. சுவடி தேடினார், பாடபேதம் பார்த்தார், சமண சமயம் தெரியாமல் நூல் விளங்காது என்று இதே கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்டார். ஏழு வருடம். ஆக, ஆயத்தம் செய்வதை அவரிடம் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 1887இல் புத்தகம் வெளிவந்துவிட்டது. இன்னும் ஒரு சுவடி எங்காவது ஒரு மடத்துப் பரணில் இருக்கலாம் என்று அவருக்குத் தெரியாதா? மற்ற யாரையும்விட அவருக்குத்தான் தெரியும். சந்தேகமெல்லாம் தீர்ந்த பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தார் என்றால், 1907இல் திருத்திய இரண்டாம் பதிப்பு எதற்கு?

இதைவிட எனக்குப் பிடித்தது பதிற்றுப்பத்து, பத்துப் பத்துப் பாட்டாகத் தொகுத்த சங்க நூல். பத்துப் பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவில்லை. அவர் 1904இல் எட்டுப் பத்தைப் பதிப்பித்தார். இன்றுவரை அந்த இரண்டும் முழுதாகக் கிடைக்கவில்லை. அதற்குப் பத்து வருடம் முன்னால் வந்த புறநானூற்றில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டுகள் இல்லை, பல பாட்டுகளில் அடிகள் சிதைந்து நடுவில் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளிகளை நான் கரும்பலகையில் எழுதிக்காட்டியிருக்கிறேன். "டீச்சர், அந்த இடத்துல என்ன வரும்?" என்று ஒரு பிள்ளை கேட்பான். தெரியாதுடா என்பேன். தெரியாததைத் தெரியாது என்று புள்ளி வைத்துவிட்டு அச்சுக்கு அனுப்பியதால்தான் மீதி நம் கையில் இருக்கிறது. புள்ளி வைக்க மனசு வராமல் அவர் காத்திருந்தால் ஓலை காத்திருக்காது, செல் அரித்துக்கொண்டே போயிருக்கும்.

விற்கப் போன கதை

சரி, இதையெல்லாம் யோசித்துத் தெளிந்து மறுநாள் காலையில் சாவியை எடுத்தேன் என்று எழுதினால் கட்டுரை நன்றாக முடியும். அப்படி நடக்கவில்லை. யோசித்துத் தெளிந்ததன் விளைவு, வண்டியை விற்றுவிடுவது என்று முடிவு செய்தேன். அறுப்பது என்றால் இதுவும் அறுப்பதுதானே என்று பட்டது. வருடா வருடம் ஏழாயிரத்துச் சொச்சம் இன்சூரன்ஸ், பேட்டரி, வாசலில் இடம், பார்க்கும்போதெல்லாம் ஒரு குற்றவுணர்ச்சி. வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றார். தெரிந்தவர் மூலம் ஒரு புரோக்கர் கிடைத்தார். ஜூலை முதல் வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தார். பார்ட்டி ஒருத்தர் இருக்கிறார், நாளைக்குக் காலை ஏழு மணிக்குத் தாராசுரத்தில் இந்த மெக்கானிக் கடைக்கு வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள், பார்த்துவிட்டு அங்கேயே பேசிக்கொள்ளலாம் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

ஆக்டிங் டிரைவர் ஒருவரைக் கூப்பிடலாம். நாலு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டுபோய் விட ஐந்நூறு கேட்பார்கள். விற்கப்போகிற வண்டிக்கு எதற்கு ஐந்நூறு என்று தோன்றிய அந்த நிமிஷத்தை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் துணிச்சல் ஒரு பொட்டுக்கூட இல்லை. வெறும் கஞ்சத்தனம். இத்தனை வருடப் பயத்தை ஐந்நூறு ரூபாய் கஞ்சத்தனம் ஜெயித்துவிட்டது. அதோடு இன்னொன்றும் இருந்தது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவளாக அன்றைக்கு இல்லை. அந்த விஷயம்தான் முடிந்துபோயிற்றே. நன்றாக ஓட்டினேனா, தேறினேனா என்று எனக்கு நானே மதிப்பெண் போட வேண்டியதில்லை. ஒரு பொருளை இங்கிருந்து அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போகிற மாதிரி.

ஆறரை மணிக்கு வண்டியில் ஏறினேன். தீபாவளிக்கு வந்த வீட்டுக்காரர் வெளியே பார்க்க நிறுத்திவிட்டுப் போயிருந்ததால் ரிவர்ஸ் எடுக்கும் வேலை இல்லை, இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. அம்மா திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பூனை இறங்கிப்போயிற்று. தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்து செகண்ட் போட்டதும் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். மாஸ்டர் உட்காரும் இடத்தில் என் கைப்பை உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு பார்வைக்குள் முன்னால் போன டவுன்பஸ் பிரேக் போட, நானும் போட்டேன். வண்டி சின்னப் பாலத்தின் ஏற்றத்தில் நின்று ஆஃப் ஆகிவிட்டது.

மேடு. நோட்டில் ஆறு பக்கம் இதற்கு ஒதுக்கியிருந்தேன். அதிலிருந்து ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. ஸ்டார்ட் செய்து எடுத்தேன், ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆயிற்று. பின்னால் பால் வண்டி ஹாரன். மறுபடி எடுத்தேன், ஒரு அடி பின்னால் உருண்டது, அலறிப் பிரேக்கை மிதித்தேன், ஆஃப். கீரைக்கட்டுகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் என்னைத் தாண்டிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரு சக்கர வண்டியில் வந்தவர் ஜன்னலோரம் நிறுத்தி, "பதறாதீங்கக்கா, ஹாஃப் கிளட்ச் பிடிச்சு மெதுவா எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் ஓர் இடத்தில் வண்டி லேசாக நடுங்கும். மூக்கணாங்கயிற்றைப் பிடித்ததும் மாடு உடம்பைச் சிலிர்க்குமே, அந்த மாதிரி. அங்கே காலை நிறுத்தி, மற்ற காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தால் வண்டி பின்னால் போகாது. இதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? 2017இல், முதல் வாரத்தில், மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். கால் அதை ஏழு வருடமாக மறக்காமல் வைத்திருந்திருக்கிறது. வண்டி ஏறியது. பாலத்தின் மேல் போய் இறங்கும்போது முதுகெல்லாம் வேர்வை. பயம் அப்படியேதான் இருந்தது, ஒரு சொட்டு குறையவில்லை. அதுவும் வண்டியில் ஏறிக்கொண்டு என்னோடு தாராசுரம் வந்தது.

மெக்கானிக் ஒரு வேனுக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "டிரைவர் எங்கக்கா?" என்றார்.

"நான்தான் ஓட்டிட்டு வந்தேன்."

அவர் எழுந்து வந்து பின்சக்கரம் பக்கம் குனிந்து மூக்கை உறிஞ்சினார். "ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்தபடியே ஓட்டிட்டு வந்திருக்கீங்க. வாசனை அடிக்குது பாருங்க."

அப்படியானால் அந்தப் பாலத்தை நான் ஹேண்ட் பிரேக்கோடு ஏறியிருக்கிறேன். வெட்கப்பட வேண்டிய விஷயம். எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது. வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். புரோக்கர் அவரிடம், "அடிபடாத வண்டி சார். டீச்சர் வீட்டு வண்டி, வெளியவே எடுக்க மாட்டாங்க" என்று சிபாரிசு செய்துகொண்டிருந்தார். அது உண்மைதான், நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அரை மணி நேரம் முன்னாலாக இருந்தால் வந்திருக்காது. விலை சொன்னார்கள். குறைவும் இல்லை, அதிகமும் இல்லை. "வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இது கொஞ்சம் உபயோகமானது.

திரும்பி வந்ததுதான் நிஜமான கஷ்டம். போகும்போது விற்கப்போகிற வண்டி, வரும்போது என்னுடைய வண்டி. மணி ஒன்பது, ரோடு நிறையக் கூட்டம். வீட்டு வாசலுக்கு வந்து, ரிவர்ஸில் உள்ளே விட எட்டு முறை முயன்றேன், முடியவில்லை, தெருவிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். எதிர்வீட்டு மாமா இரண்டு நாள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்வந்தார். மூன்றாம் நாள் அவரே உள்ளே விட்டுக்கொடுத்தார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்குக் காரில் போகிறேன். முதல் நாள் ஐம்பது நிமிஷம் ஆயிற்று, பஸ்ஸில் முப்பத்தைந்துதான். இடப்பக்கக் கதவில் ஒரு கோடு, பின்னால் ஒரு நசுங்கல். இரண்டுக்கும் ஆள் சேதமில்லை, ஒரு தென்னைமரமும் ஒரு திண்ணையும்தான். தஞ்சாவூர் ரோட்டில் ஓர் இடத்தில் வலப்பக்கம் திரும்ப இன்னும் தைரியம் வரவில்லை, அரை கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சுற்றி வருகிறேன். நோட்டை அதற்குப் பிறகு ஒரு முறை எடுத்தேன். ரிவர்ஸ் என்று தலைப்பிட்டு நான் எழுதிவைத்த நான்கு பக்கத்தைப் படித்தேன். எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

மேட்டூர் அந்த வருடம் ஜூலை 28இல் திறந்தது. ஆடிப்பெருக்குக்கு, புதுத் தண்ணீர் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம், படித்துறையில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று அம்மா புறப்பட்டாள். சித்திரான்னத் தூக்கு, வெற்றிலை பாக்கு, காதோலை கருகமணி எல்லாம் எடுத்து நான் காரின் பின்சீட்டில் வைத்தேன். முன்கதவைத் திறந்துவிட்டேன். அம்மா வாசற்படியிலேயே நின்றாள்.

"நீ சாமானையெல்லாம் எடுத்துட்டுப் போ பாப்பா. நான் ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன்."

"ஏம்மா, நான்தான் தினம் ஓட்டிட்டுப் போறேனே?"

"போறே, நல்லாத்தான் போறே. இன்னும் ரெண்டு ஞாயிறு போகட்டும். அப்புறம் ஏறிக்கிறேன்."

காய்ச்சல் ராத்திரியில் வந்த அதே ஆட்டோக்காரர்தான் வந்தார். அம்மாவை ஏற்றிக்கொண்டு முன்னால் போனார். நான் செகண்ட் கியரில் பின்னாலேயே போனேன். பாலத்து ஏற்றம் வந்ததும் அவர் ஓரமாக ஒதுங்கி, கையை வெளியே நீட்டி, முன்னால் போகச் சொன்னார்.